பிழையைச் சபையில் வைத்த வைத்தியர்கள்

வைத்தியம் கற்பவன் நோயாளியைப் பார்த்தே கற்க வேண்டும் என்பதை மறுத்தவர் எந்த நாட்டிலும் இல்லை. ஆயினும், ஒரே ஒரு நோயாளியின் விருத்தாந்தத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சபையின் நடுவே வைத்து, ஆசிரியரும் மாணவரும் கேள்வியும் மறுகேள்வியுமாக ஆராய்ந்து, இன்ன வியாதியாக இருக்கலாம், இன்ன காரணத்தால் அதுவன்று என்று தர்க்கித்து முடிவுக்கு வருகிற முறை, இன்று மருத்துவக் கல்லூரிகளில் நித்திய அநுஷ்டானம் போல நடந்துவருவதைக் காண்போருக்கு, அது ஆதிகாலம் தொட்டு வந்த சம்பிரதாயமாகவே தோன்றும். உண்மையில், நம் மாணவர்கள் 'கேஸ் டிஸ்கஷன்' என்று சொல்லும் அந்த முறையின் தற்கால உருவத்துக்கு வயது 125 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஒரு மாணவனுடைய சலிப்பிலும் ஒரு வைத்தியருடைய நெஞ்சுரத்திலும் பிறந்தது அது. அதன் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: சபையில் எத்தனை பேர் எத்தனை அநுமானங்களைச் சொன்னாலும், இறுதியில் தீர்ப்புச் சொல்பவர் யார்?

பாஸ்டனுக்கு முன்னரும் இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. இத்தாலியின் பாதுவா நகரில் 1540-களில் ஜாம்பாட்டிஸ்டா தா மோன்தே என்ற பேராசிரியர் மாணவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, படுக்கையருகே நின்று பாடம் சொன்னார். அவ்வழக்கம் ஹாலந்தின் லெய்டன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1714 முதல் ஹெர்மன் போர்ஹாவே என்ற மகா வைத்தியரின் கையில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற வித்தையாயிற்று. அவருக்கிருந்த ஆஸ்பத்திரி பெரிதன்று. ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6 என்று 12 படுக்கைகளே அவர் போதித்த இடம். அந்தப் பன்னிரண்டைச் சுற்றி நின்று கற்றவர்களே பின்னர் வியன்னாவிலும் எடின்பரோவிலும் வைத்தியக் கல்விக்கு அஸ்திவாரம் இட்டார்கள் என்பதை நினைக்கும்போது, போதனைக்கு வேண்டியது நோயாளிகளின் தொகையன்று, ஒவ்வொருவர் மீதும் செலுத்தப்படும் கவனமே என்று தெளிகிறது.

போர்ஹாவே எழுதிவைத்த விருத்தாந்தங்களில் ஒன்று இந்தச் சரித்திரத்துக்கு மிகவும் பொருந்துவது. 1723-ஆம் ஆண்டு, ஹாலந்தின் கடற்படைத் தலைவர்களில் ஒருவரான பிரபு வாஸனார், வயிற்றுப் பாரம் நீங்க வேண்டி வாந்தி மருந்தைப் பருகிப் பலவந்தமாக வாந்தியெடுக்க முயன்றபோது, மார்புக்குள் ஏதோ கிழிந்தாற்போல் தாங்கமுடியாத வலி கண்டு அலறினார். ஒரு நாள் முடிவதற்குள் உயிர் நீத்தார். படுக்கையருகே இருந்த போர்ஹாவேயால் அந்த வியாதி இன்னதென்று சொல்ல முடியவில்லை. இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது, உணவுக்குழல் குறுக்கே அறுந்து, உண்ட வாத்து இறைச்சியின் வாசனை மார்புக் குழியிலிருந்து வீசியதைக் கண்டு, உண்மையை உணர்ந்தார். 1724-இல் அவர் அதைத் தனி நூலாகவே வெளியிட்டார். தாம் அறியாதிருந்ததை மறைக்காமல், நோயாளி பட்ட வேதனையை மணிக்கணக்குப்படி எழுதி, பிரேதப் பரிசோதனையில் கண்டதை அதன்பின் வைத்த அந்த வரிசைதான் முக்கியம். வாசிப்பவனும் வைத்தியரோடு இருளில் நடந்து, வைத்தியர் வெளிச்சத்தைக் கண்ட இடத்தில் தானும் காண்கிறான். 1761-இல் பாதுவாவின் மோர்கானி ஏறத்தாழ 700 நோயாளிகளின் விருத்தாந்தங்களை அவரவர் பிரேதப் பரிசோதனையோடு இணைத்து வெளியிட்ட பெருநூல், இந்த வரிசையைச் சாஸ்திரத்தின் விதியாகவே ஆக்கிவிட்டது.

லெய்டனின் முறை எடின்பரோவுக்குச் சென்று, 1748 முதல் ஜான் ரூதர்போர்டின் ஆஸ்பத்திரிப் பிரசங்கங்களாக வளர்ந்தது. 1835-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி வைத்தியப் பாடசாலை தொடங்கியபோது நம் ஊருக்கு வந்ததும் இந்தப் பிரிட்டிஷ் மரபுதான்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வார்டு ஒரு பக்கமும் வகுப்பறை ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்து பேராசிரியர்களின் பிரசங்கங்களைக் கேட்டு, எழுதி, மனனம் செய்தார்கள். வியாதியின் பெயர் முதலில் வரும். காரணம், குறிகள், சிகிச்சை என்று மற்றவை வரிசையாகப் பின்தொடரும். நோயாளியோ வியாதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறான். பெயரிலிருந்து குறிக்கு இறங்கப் பழகியவன், குறியிலிருந்து பெயருக்கு ஏற வேண்டிய சமயத்தில் திகைத்து நிற்கிறான். இந்தக் குறையை முதலில் வெளிப்படையாகச் சொன்னவர் பேராசிரியர் எவருமல்லர். வால்டர் பிராட்போர்டு கானன் என்ற மாணவர். முதலாண்டிலேயே ராண்ட்கன் கதிர் எனப்படும் எக்ஸ்ரேயைக் கொண்டு பிராணிகள் உணவை விழுங்குவதை ஆராயத் தொடங்கி, பிற்காலத்தில் உலகம் போற்றும் உடலியல் பேராசிரியராக உயர்ந்த அவருக்கு, செவிவழிப் பாடம் அளவுகடந்த சலிப்பைத் தந்தது.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் சட்டக் கல்லூரி மாணவர். அங்கே 1870 முதல் கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல் என்ற தலைவர், சட்ட விதிகளைப் பிரசங்கிப்பதை விட்டு, நியாயஸ்தலங்களில் உண்மையாக நடந்த வழக்குகளை மாணவர் கையில் கொடுத்து, விவரங்கள் என்ன, தீர்ப்பு என்ன, அந்தத் தீர்ப்பு எந்த நியாயத்தின்மேல் நிற்கிறது என்று அவர்களையே கேட்டுப் போதிக்கும் புதிய முறையை நிறுவியிருந்தார். தொடக்கத்தில் மாணவர் பலர் வெறுத்து வகுப்பைவிட்டு விலகினராயினும், சில ஆண்டுகளில் அதுவே அமெரிக்கச் சட்டக் கல்வியின் நெறியாகிவிட்டது. தம் அறைத் தோழரும் அவருடைய நண்பர்களும் உணவு வேளையிலும் உறங்கும் வேளையிலும் வழக்குகளைப் பற்றி ஓயாமல் உற்சாகமாக வாதாடுவதைக் கானன் கண்டார். சட்டம் பயில்வோருக்கு இத்தனை இன்பம் தரும் முறை, உயிரும் சதையுமான மனிதர்களைப் பற்றிய சாஸ்திரத்தைப் பயில்வோருக்கு ஏன் இல்லை என்று கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. நரம்பு வைத்தியம் போதித்த ஆசிரியர் ஒருவரை வற்புறுத்தி, அவர் சிகிச்சை செய்த நோயாளி ஒருவரின் விருத்தாந்தத்தை வாங்கி அச்சிட்டு, மாணவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்து, வகுப்பில் விவாதிக்கச் செய்தார். அந்த ஒரு பரீட்சையே வெற்றி பெற்றது. 1900-ஆம் ஆண்டு ஜனவரியில், இன்னும் பட்டம் பெறாத நிலையிலேயே, பாஸ்டனின் மருத்துவ சஞ்சிகையில் இந்த முறையை விளக்கி அவர் கட்டுரை எழுதினார். மாணவன் எழுதிய கட்டுரை ஆசிரியர்களின் நடைமுறையையே மாற்றிய சம்பவங்கள் கல்விச் சரித்திரத்தில் மிக அரியவை. அவற்றுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு என்பது என் எண்ணம்.

ஆயினும் சட்டத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தபோது ஒன்று வழியில் தவறிவிட்டது. சட்ட மாணவன் படிக்கும் வழக்குக்கு நீதிபதியின் தீர்ப்பு உண்டு. வைத்திய மாணவனின் வழக்குக்கோ, அதைக் கொண்டுவந்த ஆசிரியரின் அபிப்பிராயமே தீர்ப்பு. அந்த ஆசிரியரே தவறியிருந்தால்? இக்கேள்வியைத் தம் வாழ்நாளின் பெரும்பணியாக எடுத்துக்கொண்டவர் ரிச்சர்டு கிளார்க் கேபட்.

1868-இல் பாஸ்டனின் பழைய செல்வக் குடும்பத்தில் பிறந்த கேபட், மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வைத்தியர்; ஹார்வர்டில் ஆசிரியர். கானனின் யோசனையை முழு மனத்தோடு வரவேற்று, 1906-இல் உண்மையான நோயாளிகளின் விருத்தாந்தங்களைப் படிப்படியாகக் கடினமாகும் பயிற்சிகளாக அமைத்து ஒரு நூல் வெளியிட்டார். 1911-இல் 383 நோயாளிகளைக் கொண்டு அவர் எழுதிய மற்றொரு நூல், வியாதிகளின் பெயரால் பகுக்கப்படாமல், தலைவலி, வயிற்றுவலி என்று நோயாளி சொல்லும் முறையீட்டினாலேயே பகுக்கப்பட்டது. ஏணியைத் திருப்பி நேராக வைத்தார் என்று சொல்லலாம்.

இவற்றினும் பெரிது 1910 வாக்கில் அந்த ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கிய சபை. அங்கே இறந்துபோன, தாம் பார்த்தேயிராத ஒரு நோயாளியின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மாணவரும் வைத்தியரும் நிறைந்த சபையில் நிற்பார். அதிலிருந்த ஒவ்வொரு குறியையும் எடைபோட்டு, இதனால் இது சாத்தியம், இதனால் இது சாத்தியமன்று என்று தம் மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். இறுதியில், உள்ளே எந்த உறுப்பில் என்ன காணப்படும் என்று தம் முடிவைக் கூறி அமர்வார். அதன்பின் ஜேம்ஸ் ஹோமர் ரைட் எழுந்து நிற்பார். இரத்த அணுக்களைப் பிரித்தறியும் சாயத்துக்கு இன்றும் தம் பெயரைத் தந்துள்ள நோய்க்கூற்றியல் நிபுணர் அவர். பிரேதப் பரிசோதனையில் தாம் கண்ட உண்மையை அவர் அறிவிப்பார். கேபட் சொன்னது சரியாக இருந்த நாளும் உண்டு. தவறாக இருந்த நாளும் உண்டு. தவறிய நாளில் அதை மழுப்பாமல், எந்த இடத்தில் தம் அநுமானம் வழிதவறியது என்று அங்கேயே ஆராய்வார். குருவின் வாக்கே பிரமாணம் என்றிருந்த ஒரு தொழிலில், குரு தம் சிஷ்யர்கள் முன்னிலையில் பிழைபடக்கூடிய ஆசனத்தில் தாமாகவே வாரந்தோறும் அமர்ந்ததை, வைத்தியக் கல்வியின் சரித்திரத்தில் மிக உன்னதமான செயல்களில் ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அந்தத் துணிவு சபையோடு நிற்கவில்லை. 1912-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில், 3,000 பிரேதப் பரிசோதனைகளை உயிரோடிருந்தபோது செய்யப்பட்ட நோய் நிர்ணயத்தோடு ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீரிழிவில் 100-க்கு 95-ம், டைபாய்டு சுரத்தில் 92-ம் சரியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தன. கடுமையான சிறுநீரக அழற்சியிலோ 16-தான். தம் சொந்த ஆஸ்பத்திரி, அதுவும் நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்று, எவ்வளவு தவறுகிறது என்பதை எண்களாக அச்சிட்டு உலகத்தின் முன் வைத்த அவர்மீது தொழிலில் பலருக்குக் கோபம் உண்டாயிற்று. ஆனால் அந்த எண்களின் பயன் யாதெனில், எந்த வியாதியை வைத்தியன் நம்பிக்கையோடு சொல்லலாம், எதைச் சொல்லும்போது நா தயங்க வேண்டும் என்பது முதன்முறையாகத் தெரிந்ததே.

சபையில் நடந்த விவாதங்களை 1915 முதல் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். 1923-இல் பாஸ்டன் மருத்துவ சஞ்சிகை அவற்றை ஏற்றுக்கொண்டது. 1928-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்று பெயர் மாறிய அதே சஞ்சிகையில், அந்தப் பகுதி இன்றுவரை வெளிவருகிறது. கடல் கடந்த நாடுகளிலும், நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும், அந்தச் சபையின் சாயலிலேயே 'சி.பி.சி.' (கிளினிகோ-பேதாலஜிகல் கான்ஃபரன்ஸ்) என்ற பெயரில் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

சபையை நடத்துவது எளிய காரியம் என்று எண்ணுகிறவர், அதை ஒருமுறையாவது நடத்திப் பார்த்திருக்க மாட்டார். விடை தெரிந்திருந்தும் அதை நாவிலேயே தடுத்து நிறுத்துவது முதற் கஷ்டம். மாணவன் ஒருவன் பிழையான திசையில் புறப்படும்போது உடனே மறித்துவிட்டால், அவன் பிழையை அறிவானேயன்றிப் பிழை எங்கே பிறந்தது என்பதை அறியான். நெடுந்தூரம் போகவிட்டாலோ, சபை முழுவதும் அவனோடு வழிதப்பிவிடும். எந்த அளவுக்கு விடுவது, எந்தக் கணத்தில் ஒரு சிறு கேள்வியால் திருப்புவது என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. முதல் வரிசையில் அமர்ந்து எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் கெட்டிக்காரனைச் சற்றுப் பொறுக்கச் செய்து, பின்வரிசையில் மௌனமாயிருப்பவனிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பதோடு நில்லாமல், எந்த ஒரு விவரம் மாறினால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய் என்றும் கேட்க வேண்டும். அபூர்வ வியாதியின் பெயரைச் சொல்லிச் சபையைப் பிரமிக்க வைக்கும் ஆசை இளைஞர்க்கு இயல்பு. நாள்தோறும் வருகிற சாதாரண வியாதியின் அசாதாரண ரூபமே பெரும்பாலும் விடையாயிருக்கும் என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்ளும்படி செய்வதில்தான் நடத்துகிறவரின் திறமை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்குத் தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் நாணயம் அவரிடம் இல்லையென்றால், மாணவர்கள் ஆராய்வதை விட்டு அவர் முகக்குறிப்பைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை வார்டிலேயே வைத்து வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. வார்டுகளில் மாணவர்களுக்குப் போதித்தவர் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறொன்றும் பொறிக்க வேண்டாம் என்று விரும்பிய அந்த மேதையின் மரபினர்க்கு, காகிதத்தில் வந்த நோயாளி நிழலாகத்தான் தோன்றியிருப்பான். காகிதத்தில் எழுதப்பட்ட விவரங்கள் யாவும் வேறொருவர் கேட்டுத் தேர்ந்தெடுத்தவை. எதைக் கேட்பது, எதை விடுவது என்ற கடினமான உழைப்பு, மாணவன் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கேபட்டும் இந்தக் குறையை உணர்ந்திருந்தார். ஆனால் அவர் உணர்ந்தது இதனினும் ஆழமானது. அவருடைய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் ஏழைகள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். நல்ல உணவு உண், ஓய்வு எடு, காற்று மாறிவர வேறூர் போ என்று வைத்தியர் சொல்லி அனுப்புவார். அன்றாடக் கூலி இல்லாவிட்டால் அடுப்பெரியாத அவர்களுக்கு அந்தச் சொற்கள் என்ன பயன் தரும்? நோயாளியின் வீடு, வேலை, கவலை இவற்றை அறியாத நோய் நிர்ணயம் பாதி நிர்ணயமே என்று முடிவுசெய்து, 1905-இல் அந்த ஆஸ்பத்திரியில் சமூக ஊழியர்களை அமர்த்தினார். நிர்வாகம் அதைத் தன் பொறுப்பில் ஏற்காதிருந்த ஆண்டுகளில், செலவுக்கு அவரே வழிதேட வேண்டியிருந்தது. அப்பணியைப் பின்னர்த் தலைமையேற்றுப் பல்லாண்டு நடத்தியவர் ஐடா கானன். மாணவப் பருவத்தில் விவாத முறைக்காக வாதாடிய வால்டர் கானனின் சகோதரி. நோயாளியைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த அதே சிறு வட்டத்தார்தாம், காகிதத்தில் அடங்காமல் போன மனிதனைத் தேடி அவன் வீட்டு வாசலுக்கும் சென்றார்கள். கேபட்டைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே மனச்சாட்சியின் காரியங்களாகவே படுகின்றன. 1920-இல் அவர் ஹார்வர்டில் சமூக அறவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றதில் வியப்பில்லை.

பிற்காலத்தார் அந்த முதற் குறையைத் தீர்க்கப் பலவாறு முயன்றார்கள். 1963-இல் கலிபோர்னியாவில் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், நோயற்ற ஒருவரை நோயாளி போல் நடிக்கப் பயிற்றுவித்து, மாணவர்கள் தாமே வினவிப் பரிசோதிக்கும்படி செய்தார். கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலை 1969-இல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோது, பிரசங்கங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, சிறு குழுவினர் ஒரு நோயாளியின் பிரச்சினையிலிருந்தே உடற்கூறு முதலான சாஸ்திரங்களை அடையும்படி பாடத்திட்டத்தையே அமைத்துவிட்டது. பாரோஸும் பின்னர் அங்கே சேர்ந்தார். 1985-இல் ஹார்வர்டும் அவ்வழியில் இறங்கிற்று. அத்தகைய குழுவை நடத்துகிறவர் அந்த விஷயத்தில் நிபுணராயிருக்க வேண்டுவதில்லை, விவாதத்தை நெறிப்படுத்தத் தெரிந்தால் போதும் என்று அக்கொள்கையினர் சிலர் வாதித்தனர். எனக்கு அது உடன்பாடன்று. எந்தக் கேள்வி ஆழமானது, எது வெறும் ஓசை என்று பிரித்தறிய, விஷயத்தில் தோய்ந்த மனம் வேண்டும். பாஸ்டன் வைத்தியர் ஜெரோம் காசிரர் 1983-இல் விவரித்த முறையே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது: நோயாளியின் விவரங்களை நடத்துகிறவர் தம்மிடமே வைத்துக்கொள்கிறார், மாணவன் ஒன்றைக் கேட்டால், ஏன் கேட்கிறாய், அந்த விடை உன் எண்ணத்தை எப்படி மாற்றும் என்று காரணம் சொல்லச் செய்த பின்னரே அதைத் தருகிறார். கானனின் காகிதத்தில் விடுபட்டுப்போன உழைப்பு, இங்கே மீண்டும் மாணவனுடையதாகிறது.

இதற்கிடையில், கேபட்டின் சபையில் பிரேதப் பரிசோதனை வகித்த நீதிபதியின் ஆசனம் மெல்ல மெல்லக் காலியாயிற்று. அமெரிக்க ஆஸ்பத்திரிகள், இறந்தவர்களில் 100-க்கு 20 முதல் 25 பேரையாவது பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அங்கீகார சபை வைத்திருந்த நிபந்தனை 1971-இல் நீக்கப்பட்டது, பரிசோதனைகளும் அருகின. திசுப் பரிசோதனை, உருவப்படங்கள், மரபணுச் சோதனை ஆகியவையே இன்று பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கின்றன. நோயாளி உயிரோடிருக்கும்போதே உண்மை தெரிவது மகத்தான பாக்கியம். அதைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? ஆயினும், கருவி சொன்னதும் தவறாகலாமே என்று கேட்பதற்கு, உடலைத் திறந்து பார்த்த அந்தக் கடைசிச் சாட்சி இப்போது அரிதாகவே கிடைக்கிறது.

இந்தியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மனப்பான்மை, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றைக் கற்பிக்கவும் நோயாளி விருத்தாந்தங்களையே விவாதப் பொருளாக வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று வீட்டார் கெஞ்சுகிறார்கள். வைத்தியர் என்ன செய்வது? இத்தகைய வழக்குக்குப் பிரேதப் பரிசோதனை இல்லை. ரைட்டைப் போல் எழுந்து நின்று இதுதான் உண்மை என்று சொல்ல எவராலும் ஆகாது. ஆனால் இதையும் பரீட்சைக்கு உட்படுத்தலாம் என்று 1903-இலேயே எண்ணியவர் கேபட்தான். உண்மையும் பொய்யும் வைத்தியத்தில் என்ன விளைவிக்கின்றன என்று அவ்வாண்டில் எழுதிய கட்டுரையில், நோயாளிகளின் நன்மைக்கென்று பொய் சொல்லும்படியே தமக்கும் போதிக்கப்பட்டதையும், பின்னர் உண்மையைச் சொல்லிப் பார்த்தபோது, எல்லாரும் அஞ்சிய கேடு நேராமல் போனதையும், ஒவ்வொரு நோயாளியாக எடுத்து அவர் விவரித்திருக்கிறார். நம் கல்லூரிகளில் அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியர், பொதுவான உபதேசத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தாம் ஒருமுறை சொன்ன உண்மைக்கோ சொல்லாது விட்ட உண்மைக்கோ பின்னர் என்ன நேர்ந்தது என்பதை மாணவர் முன் விவரமாக வைத்தால், விவாதம் அங்கிருந்து தானே நடக்கும்.